தோஜினிசோவின் அரைக் கிண்ணம்

ஒரு முறை ஊற்றிக் கவிழ்த்தாயிற்று. இரண்டாவது முறையும் ஆயிற்று. மூன்றாவது முறையாகத் தோஜினிசோ அக்கா கிண்ணத்துத் தேநீரைக் கூஜாவுக்குள்ளேயே திருப்பி ஊற்றி, மூடியை அழுத்தி, கூஜாவின் வயிற்றில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் யாருக்கும் டீ. நடுவில் எவனாவது கையை நீட்டினால், "ஊறட்டும்யா. அஞ்சு வருஷம் சண்டை போடப் பொறுமை இருந்துச்சு, ஒரு கிண்ணம் டீக்குப் பொறுமை இல்லையா?" என்பாள். நீட்டிய கை மந்திரியுடையதா மேய்ப்பனுடையதா என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை.

எங்கள் மலையூரான தவில்தராவில் வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் தங்கியிருக்கும் வீட்டில் சமையலும் தேநீரும் அவள் பொறுப்பு. அரசாங்கமும் மலைப்படையும் அடித்துக்கொண்டு ஓய்ந்தபின், எங்கோ தூரத்து ஊரில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டபடி நடக்கிறதா என்று பார்க்க, துப்பாக்கி இல்லாமல், நீலத் தொப்பியோடு, பல தேசத்து அதிகாரிகள் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். மலையில் இருப்பவர்கள் இறங்கி வந்து ஆயுதத்தை ஒப்படைத்துப் பெயரைப் பதிய வேண்டும். பதிந்தவனுக்கு மன்னிப்பு உண்டு, பட்டாளத்தில் வேலையும் உண்டு. அக்கா அந்த ஒப்பந்தத்தை "அந்தக் காகிதம்" என்றுதான் சொல்வாள். "அவங்க நாற்காலி போட்டு உக்காந்து எழுதிட்டுப் போயிட்டாங்க. இங்க இவனுங்களத் தரையில ஒண்ணா உக்கார வைக்கறது யாரு?"

நான் அந்த வீட்டின் ஜீப் டிரைவர். சண்டைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தின் கூரை போனபின் வண்டிக்கு வந்துவிட்டேன். அக்கா இன்னும் என்னை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுகிறாள். "வாத்தியாரே, விறகு எடுத்துட்டு வா" என்பாள். மரியாதை அந்த முதல் சொல்லோடு முடிந்துவிடும்.

அக்காவுக்கு நாற்பதைத் தொட்ட வயது. மேல் வரிசையில் தங்கப்பல் மின்னும். எதிராளியைப் பிடிக்கவில்லை என்றால் உதட்டை மூடிக்கொண்டே பேசுவாள், அவனுக்குத் தங்கத்தைக் காட்ட மனம் வராது. அங்கிப் பையில் எப்போதும் உலர்ந்த மல்பெரி இருக்கும். கோபமாக இருப்பவன் கையில் முதலில் அதைத் திணிப்பாள். தேயிலைப் பை என்றால் அவளுக்கு ஆகாது. கண்காணிப்பாளர் குழுவின் மேஜர் தலைநகரத்திலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தபோது, ஒன்றை நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலிக்குட்டியா?" என்று கேட்டாள். பெட்டி பரணுக்குப் போயிற்று.

வாரம் ஒருமுறை அந்த வீட்டில் கூட்டம் நடக்கும். மலைப்படையின் கமாண்டர் மிர்சோவலி தன் ஆட்களோடு இறங்கி வருவார். அரசாங்கத்தின் தரப்பில் கர்னல் ஷோதியேவ் வருவார். ஆயுதத்தோடு உள்ளே வரக்கூடாது என்பது விதி. ஆகவே முற்றத்து மல்பெரி மரத்தில் துப்பாக்கிகளைச் சாய்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அக்கா வாசலில் நின்று வரவேற்பாள். "நல்லாருக்கீங்களா, சுகமா, வீடு சுகமா, பிள்ளைங்க சுகமா, மாடு சுகமா, முட்டிவலி எப்படி இருக்கு?" பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை, எதிராளியும் அதே கேள்விகளை அதே வேகத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் மரத்தடித் துப்பாக்கிகளைப் பார்த்து, "அதுங்க எல்லாம் சுகமா? இன்னும் சாகலையா?" என்று ஒன்று சேர்த்துக்கொள்வாள். மிர்சோவலிக்கே தாடிக்குள் சிரிப்பு வந்துவிடும்.

உட்கார்ந்ததும் விரிப்பில் ரொட்டி, பிறகு தேநீர். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிரப்புவதில்லை. அரைக் கிண்ணமோ அதற்கும் குறைவாகவோ ஊற்றினால் 'இரு, இன்னும் ஊற்றுகிறேன்' என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. சமையற்கட்டில் நான் ரொம்ப நேரம் அரட்டை அடித்தால் எனக்கு நிறை கிண்ணம் கிடைக்கும். நான் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவேன்.

அந்தக் கூஜாவை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை. ஊற்றுவதெல்லாம் அவள் கைதான். நிதானமாக, கொஞ்சமாக, இடது கையை நெஞ்சில் வைத்தபடி. "ரெண்டு கையாலயும் கிண்ணத்தப் புடிச்சுக்கிட்டு இருக்கறவன் துப்பாக்கிய எதால புடிப்பான்? அதான் அடிக்கடி ஊத்தறேன், கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறேன்."

இந்த வேலைக்கு அவள் சம்பளத்துக்காக மட்டும் வரவில்லை. அவளுடைய தம்பி நஸ்ரிஷோ மிர்சோவலியின் ஆட்களில் ஒருவன். மீசை முளைக்கும் முன்பே மலைக்குப் போனவன். அவளுக்குப் பெற்றோர் இல்லை, வீடும் இல்லை. சண்டையின் முதல் குளிர்காலத்திலேயே அது எரிந்துபோயிற்று. மிச்சம் இருப்பது அவன்தான். கூட்டத்துக்கு மிர்சோவலி அவனை ஒருநாளும் அழைத்து வந்ததில்லை. வந்தவர்களிடம் அக்கா ரொட்டியைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே விசாரிப்பாள். "நல்லாருக்கான் அக்கா, இருமல் கொஞ்சம் இருக்கு" என்பார்கள். அன்றைக்கெல்லாம் அவள் சமையலில் உப்பு கூடிவிடும்.

போன வருஷம் மல்பெரி பழுத்த சமயத்தில்தான் எல்லாம் கூடி வந்தது. மிர்சோவலி ஆட்களோடு இறங்கிவர ஒப்புக்கொண்டார். நாள் குறித்தாகிவிட்டது. அந்த மாதம் முடிந்தால் பதிவும் முடிந்துவிடும், பதியாதவனுக்கு மன்னிப்பு கிடையாது என்று கர்னல் அழுத்திச் சொல்லியிருந்தார். எந்த வழியாக வருவது, யார் முன்னால் வருவது என்பது மட்டும் பாக்கி. அதைப் பேசத்தான் அன்றைய கூட்டம். அக்கா காலையிலேயே மாவு பிசைந்துவிட்டாள். தம்பிக்குப் பிடித்த வெங்காய ரொட்டி, அவன் வராவிட்டாலும்.

எங்கள் மேஜர் ஒலிவேரா உருகுவேக்காரர். தங்கமான மனிதர். ஒரு சுரைக்குடுக்கையில் ஏதோ தழையைப் போட்டு வெந்நீர் ஊற்றி உலோகக் குழலால் உறிஞ்சிக்கொண்டே இருப்பார். அக்கா அதற்கு "புகையில்லாத ஹூக்கா" என்று பெயர் வைத்திருக்கிறாள். அவர் ஊரில் விருந்தாளிக்குக் குறைவாக ஊற்றுவது கஞ்சத்தனமாம். எங்கள் வீட்டில் நடக்கும் இந்த அரைக் கிண்ண உபசாரத்தைப் பார்த்துவிட்டு, பாவம், ஏழை நாடு, தேயிலையைச் சிக்கனம் பண்ணுகிறார்கள் என்று பல மாதமாக மனசுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ரொட்டி வெந்த வாசனை வந்ததும் அக்கா கூஜாவை விரிப்பில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். மிர்சோவலியின் கிண்ணம் காலியாக இருந்ததை மேஜர் பார்த்தார். நல்ல மனசு சும்மா இருக்குமா? எட்டி, கூஜாவை எடுத்து, தளும்பத் தளும்ப ஊற்றினார். ஊற்றிவிட்டு ஒரு புன்னகையும் செய்தார்.

வெளிநாட்டுக்காரருக்கு வழக்கம் தெரியாது என்பது மிர்சோவலிக்குத் தெரியாமல் இல்லை. அவர் அதைச் சிரித்து விட்டிருப்பார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த கர்னல் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், மிர்சோவலியைப் பார்த்தார், பிறகு மீசையைத் தடவுகிற சாக்கில் சிரித்தார். மிர்சோவலியின் ஆட்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கமாண்டர் கொதிக்கக் கொதிக்க அந்தக் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டு கைகளையும் முகத்தில் தடவி "ஓமின்" என்று பிரார்த்தனை சொல்லி விருந்தை முடித்தார். எழுந்தார். மரத்தடியில் துப்பாக்கிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது.

அக்கா சூடான ரொட்டியை முழங்கையில் அடுக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது பாதி அறை காலியாக இருந்தது. விளிம்புவரை நனைந்திருந்த கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள்.

"யாரு ஊத்தினது?"

மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்கு முன்பே மேஜர் பள்ளிக்கூடப் பையனைப் போல் கையைத் தூக்கினார். அக்கா அவரைத் திட்டவில்லை. ரொட்டியை விரிப்பில் நேராக வைத்தாள், சுவரோரமாக உட்கார்ந்தாள், அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கர்னல் தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார்.

மிர்சோவலி வரமாட்டார் என்று மறுநாளே சேதி வந்துவிட்டது. மேஜர் வானொலியில் தலைநகரத்தோடு பேசினார். தலைநகரத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். அக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"வாத்தியாரே, மிர்சோவலி ஊருக்கு விடு."

"மேஜர் இல்லாம வண்டி நகரக்கூடாதுக்கா. விதி."

"அப்ப அவரையும் ஏத்து."

மேஜர் சுரைக்குடுக்கையோடு வந்து ஏறினார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை எங்கள் மொழியில் பழகிக்கொண்டே வந்தார். மிர்சோவலி வீட்டு வாசலில் அக்கா அவரைக் கையமர்த்தினாள். "நீங்க வண்டியிலயே இருங்க தம்பி. ஹூக்கா குடிங்க. நீங்க வந்து மன்னிப்புக் கேட்டா அவரு உங்களுக்கு ஆடு வெட்டுவாரு, சமாதானம் ஆகமாட்டாரு."

ஆகவே அவளும் நானும் மட்டும் உள்ளே போனோம். மிர்சோவலியின் மனைவி சவ்ரினிசோ விரிப்பைப் போட்டு ரொட்டியை வைத்தாள். வீட்டுக்காரர் என்ற முறையில் ஊற்ற வேண்டியவர் மிர்சோவலி. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே, மூன்று முறை கவிழ்த்து, அக்காவுக்கு அரைக் கிண்ணம் ஊற்றினார்.

"தங்கச்சி, நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும். அந்தப் பேச்சு வேணாம்."

"நான் ஒண்ணும் பேச வரலைண்ணே. டீ குடிக்க வந்தேன்."

குடித்தாள். கிண்ணத்தை நீட்டினாள். அவர் ஊற்றினார். குடித்தாள். இந்த வருஷம் ஆப்பிள் எப்படி என்று கேட்டாள். நீட்டினாள். ஓடையில் தண்ணீர் போதுமா என்று கேட்டாள். நீட்டினாள். எனக்கு இரண்டாவது கூஜாவிலேயே அடிவயிறு முட்டிவிட்டது. நான் எழுந்து போய்விட்டு வந்தேன், அவள் அசையவில்லை. வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. சவ்ரினிசோ மறுபடி மறுபடி வெந்நீர் கொண்டுவந்தாள். வரும்போதெல்லாம் கதவோரம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் மிர்சோவலிக்குப் பொறுக்கவில்லை. "எத்தன குடிப்ப நீ?"

"நீங்க ஊத்தற வரைக்கும். விருந்தாளி எழுந்து போகணும்னா என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தெரியாதா? நிரப்பி ஊத்துங்க, போயிடறேன். தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவர் கூஜாவை எடுத்தார். அதன் மூக்கு கிண்ணத்துக்கு மேலே வந்தது. அரைக் கிண்ணம் வரை ஊற்றினார், நிறுத்தினார். கை மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது.

"ஊத்துங்களேன், பாக்கலாம்" என்றாள் சவ்ரினிசோ கதவோரத்திலிருந்து. "நம்ம வீட்டுக்கு வந்த பொம்பளைய வெளிய போன்னு சொல்லுங்க. நாளைக்கு ஊர்ல நான் முகத்தக் காட்டணும்ல?"

கூஜா கீழே வந்தது. "அவன் சிரிச்சான்" என்றார் மிர்சோவலி. அவ்வளவு பெரிய தாடிக்குள்ளிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை. "என் பசங்க முன்னாடி சிரிச்சான்."

"சிரிச்சான்தான்" என்றாள் அக்கா. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டக் கொளுத்தினது யாரோட ஆளுங்க? அந்தக் கர்னலோட ஆளுங்கதான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன இலையுதிர் காலத்திலிருந்து வாராவாரம் அவன் எதுக்க குனிஞ்சு நின்னு ஊத்தறேன். ஒவ்வொரு தடவையும் இந்தக் கை சொல்லுது, நிரப்பு, நிரப்பி அனுப்புன்னு. நான் நிரப்பல. அரைக் கிண்ணம் ஊத்தி நெஞ்சுல கைய வச்சு, இருங்கன்னு சொல்றேன். எதுக்கு? அவன் மூஞ்சி அழகா இருக்குன்னா? அவன் எழுந்து போயிட்டா என் தம்பி கீழ வரமாட்டான். நீங்க ஒருநாள் ஒரு கிண்ணத்தப் பொறுக்க முடியலைங்கறீங்க."

கர்னலைப் பற்றி அவள் சொன்னது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதே அறையில் வாராவாரம் நானும் அரைக் கிண்ணம் வாங்கிக் குடித்திருக்கிறேன். மிர்சோவலி எழுந்து வாசலுக்குப் போய், ஜீப்பில் தூங்கிவழிந்துகொண்டிருந்த மேஜரைப் பார்த்து, "அந்த ஆளு சாப்பிட்டாரா?" என்று கேட்டார். அக்காவின் தங்கப்பல் தெரிந்தது.

குறித்த நாளில் அவர்கள் இறங்கி வந்தார்கள். பழைய பால்பண்ணை மைதானத்தில் நீலத் தொப்பிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையில் விரித்த தார்ப்பாயில் துப்பாக்கிகள் விழுந்தன. சிலது தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி, நல்லதெல்லாம் எந்த மாட்டுக்கொட்டகையில் ஒளிந்திருக்கிறதோ. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அன்று ஓர் அதிசயம் நடந்தது. அக்கா தன் பெரிய கூஜாவை மேஜரிடம் கொடுத்துவிட்டாள். மேஜர் ஒரு வாரமாக வெறும் தண்ணீரை வைத்துப் பழகியிருந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, விரலளவு விரலளவாக, வரிசை முழுக்க ஊற்றிக்கொண்டு போனார். கர்னலுக்கும் ஊற்றினார். "கொஞ்சம் தாராளமா ஊத்து தம்பி, எறும்புக்கா ஊத்தற?" என்று அக்கா தூரத்திலிருந்தே கத்தினாள்.

அவளிடம் தகரத்தால் மூக்கு ஒட்டுப்போட்ட சின்னக் கூஜா ஒன்று இருந்தது. அதோடு மைதானத்து ஓரத்து மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

நஸ்ரிஷோ வந்தான். தாடி வைத்திருந்தான். அக்காவைவிட ஒரு முழம் உயரமாகியிருந்தான். தார்ப்பாயில் துப்பாக்கியைப் போட்டதிலிருந்து வலது கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "நல்லாருக்கியா, சுகமா, இருமல் எப்படி, தூங்கறியா, காலு சுகமா…" கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இந்த முறை அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். வெங்காய ரொட்டியைக் கிழித்து அவன் மடியில் வைத்தாள். அவன் தின்னத் தின்ன ஊற்றினாள்.

பதிந்தவர்களைப் பட்டாள முகாமுக்கு ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது. முகாம் கணவாய்க்கு அந்தப் பக்கம். அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்பது கர்னலும் மிர்சோவலியும் சேர்ந்து எடுத்த முடிவு. அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். டிரைவர் ஹாரனை அடித்தான். பையன்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறத் தொடங்கினார்கள். மிர்சோவலி லாரிக்கு முன்னால் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், கூப்பிடவில்லை.

நஸ்ரிஷோ கிண்ணத்தை நீட்டினான். "அக்கா, எனக்காக நிக்கறாங்க. நிரப்பிக் குடு, குடிச்சிட்டுக் கிளம்பறேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. தோஜினிசோ அக்கா இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கூஜாவை மெல்லச் சாய்த்து, கிண்ணத்தின் அடி மட்டும் நனையும்படி ஊற்றினாள்.